கடைக்கு வரும் அழைப்பும் பதிவுசெய்த குரலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசிக்கு நேரங்காலமின்றி வந்து, எடுத்த மாத்திரத்தில் கடன் வேண்டுமா, வீட்டுமனை வேண்டுமா என்று ஒப்பிக்கத் தொடங்கும் பதிவுக் குரல்களைப் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது படித்து வருகிறேன். அவற்றில் தெரியும் எரிச்சல் முழுக்க நியாயமானதே. ஆனால் அக்கடிதங்களில் சில, தொலைபேசியில் இயந்திரம் பேசினாலே அது வாடிக்கையாளரை அவமதிப்பதாகும் என்ற முடிவுக்குப் போய்விடுகின்றன. நம்மைத் தேடிவந்து தொந்தரவு செய்யும் குரல் வேறு. நாமாக ஒரு கடையை அழைக்கும்போது, அங்கிருப்பவருக்குக் கை ஒழியாத நேரத்தில் நமக்குப் பதில் சொல்லும் குரல் வேறு. இந்த இரண்டாவது வகையைப் பற்றி, முப்பத்தெட்டு ஆண்டுகள் தொலைபேசி இணைப்பகங்களில் வேலை பார்த்து, 2020 ஜனவரியில் பல்லாயிரம் பேரோடு சேர்ந்து விருப்ப ஓய்வில் வெளியே வந்தவன் என்ற முறையிலும், இப்போது பகல் பொழுதை ஒரு கடையில் கழிப்பவன் என்ற முறையிலும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் கடை என் மருமகனுடையது. கோயம்புத்தூரில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களை விற்பதும், எரிந்துபோனவற்றுக்கு வைண்டிங் செய்து, அதாவது கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றித் தருவதுமே தொழில். கடைப் பலகையிலும், பில் புத்தகத்திலும், விற்ற ஒவ்வொரு ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் ஒரே ஒரு கைபேசி எண்தான் இருக்கும். மாசி பிறந்து கிணறுகளில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டால் அந்த எண்ணுக்கு ஓய்வு கிடையாது. அதிலும் அழைப்புகள் நாள் முழுக்கப் பரவலாக வருவதில்லை. மும்முனை மின்சாரம் வந்து சுவிட்சைப் போடும்போதுதான் மோட்டார் ஓடவில்லை என்பதே தோட்டக்காரருக்குத் தெரியும் என்பதால், ஒரு பகுதிக்கு மின்சாரம் வரும் நேரத்தையொட்டி அந்தப் பக்கத்து அழைப்புகள் கொத்தாக வந்து விழும். மருமகன் ஒருவருக்கு ஐந்து ஹெச்.பி. (குதிரைத்திறன்) மோட்டாருக்கும் ஏழரை ஹெச்.பி.க்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருக்கும் அந்த நான்கு நிமிடத்துக்குள் மூன்று பேர் அழைத்து, மூன்று பேரும் விட்டுவிட்டிருப்பார்கள். சாயங்காலம் கடை கொஞ்சம் அடங்கியதும் தவறிய அழைப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூப்பிட்டால், பாதிப் பேர் மிகுந்த மரியாதையோடு, "இல்லீங்க, வேற இடத்துல சொல்லிட்டோமுங்க" என்பார்கள்.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை என்பது எங்கள் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங் என்ற டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர், எத்தனை அழைப்புக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்பதற்கான கணக்கை 1909இல் தொடங்கி 1917இல் சூத்திரங்களாகவே எழுதி வைத்துவிட்டார். தொலைபேசி அழைப்புச் சுமையை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பேர் அழைக்கிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக நான்கு நிமிடம் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பேச்சு 48 நிமிடம். மணிக்கு 12 நிமிடம் மிச்சமிருக்கிறதே, ஓர் எண்ணும் ஓர் ஆளும் போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏர்லாங் கணக்குப்படி, அந்த நிலையில் அழைப்பவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு இணைப்பு கிடைக்காது. இரண்டு இணைப்பும் இரண்டு ஆளும் இருந்தால் ஏமாறுபவர்கள் 15 பேராகக் குறைவார்கள். மூன்றானால் நான்கு பேர். இத்தனைக்கும் இது அழைப்புகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாக வருவதாகக் கொண்ட கணக்கு. எங்கள் கடைக்கு வருவதுபோல் கொத்தாக வந்தால் நிலைமை இதைவிட மோசம்.

தவறிய விற்பனை அழைப்புக்கும் தானியங்கித் தொலைபேசிக்கும் உள்ள உறவு மிகப் பழையது என்பதையும் இந்த இடத்தில் சொல்ல ஆசைப்படுகிறேன். அமெரிக்காவில், கான்சாஸ் சிட்டி நகரில் சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர், தமக்கு வர வேண்டிய அழைப்புகளை இணைப்பகத்துப் பெண் தம் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டு, ஆளே இல்லாமல் இணைக்கும் கருவியைக் கண்டுபிடித்தார் என்பது எங்கள் துறையில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதையின் விவரங்கள் எப்படியிருந்தாலும் 1891இல் அவர் பெற்ற காப்புரிமை உண்மை. அவர் பெயரைத் தாங்கிய இணைப்பகங்கள் நம் ஊர்களில் பல பத்தாண்டுகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்ததும், அவற்றில் இணைப்பைத் தேடிப் பிடிக்கும் செலக்டர்களுக்கு நான் எண்ணெய் போட்டதும் உண்மை. ஆகவே வியாபாரிக்கு வரும் அழைப்பில் இயந்திரம் குறுக்கிடுவது இன்று நேற்று வந்த நாகரிகமன்று.

இனி எங்கள் கடைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு மருமகன், இணையவழித் தொலைபேசிச் சேவை தரும் ஒரு நிறுவனத்திடம் மாதக் கட்டணத்துக்கு ஓர் எண்ணை வாங்கினார். அந்த எண்ணை அழைத்தால் முதலில் ஒரு பதிவுக் குரல் பேசும். அழைப்பவர் அழுத்தும் எண்ணைப் பொறுத்து அழைப்பு மருமகனுக்கோ, வைண்டிங் மேஸ்திரிக்கோ, கணக்கு எழுதும் பெண்ணுக்கோ போகும். ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அடுத்தவரின் கைபேசி ஒலிக்கும். அந்தக் காலத்தில் பெரிய நிறுவனங்கள் துறைக்கு விண்ணப்பித்து வாங்கிய 'ஹன்டிங்' வசதிதான் இது, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. யார் எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், எந்த இடத்தில் வைத்துவிட்டார் என்ற பட்டியலும் கிடைக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நாங்கள் செய்த முதல் தவறு எங்களுக்குத் தெரிந்தது.

அந்நிறுவனம் ஆயத்தமாக வைத்திருந்த அறிவிப்பை அப்படியே போட்டுவிட்டோம். முதலில் ஆங்கிலம், பிறகு தமிழ். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, எங்கள் தயாரிப்புகளில் தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி, சேவைத் தரத்தை மேம்படுத்தும் பொருட்டு இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம் என்று போய், முதலாவது எண்ணை அழுத்தச் சொல்வதற்குள் நாற்பது விநாடிகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதில் வந்த தமிழும் தமிழ்நாட்டில் யாரும் பேசாத தமிழ். வாய்க்காலில் நின்றுகொண்டு, ஒரு கையில் மண்வெட்டியோடு அழைக்கும் மனிதருக்கு இந்த உபசாரத்தைக் கேட்கப் பொறுமை இருக்குமா? பட்டியலில் கணிசமானவர்கள் குரல் முடிவதற்கு முன்பே வைத்துவிட்டிருந்தார்கள். பழக்கமான ஒருவர் கடைக்கே நேரில் வந்து, "கடையை வித்துட்டீங்களா? யாரோ அம்மா பேசறாங்க" என்று கேட்டார்.

அடுத்து நாங்களே ஓர் அறிவிப்பை எழுதினோம். என் பேத்தி கோவைத் தமிழில், அதிக நீட்டலில்லாமல் பேசினாள். கடையின் பெயர், மோட்டார் ரிப்பேர் என்றால் ஒன்று, புது மோட்டார் விலை கேட்க இரண்டு, எதையும் அழுத்தாவிட்டாலும் இருங்கள், ஆள் எடுப்பார். அவ்வளவுதான், பன்னிரண்டு விநாடி. கடைசி வாக்கியத்தை வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னவன் நான். கைபேசியைக் காதில் வைத்தவுடன் திரை அணைந்துவிடும். அதைக் காதிலிருந்து எடுத்து, எண்பலகையைத் தேடி வரவழைத்து, ஒன்றைத் தொட வேண்டும் என்பது நமக்குச் சாதாரணம், வயதானவர்களுக்குப் பெரும் வித்தை. அவர்கள் எதையும் அழுத்தாமல் 'அலோ, அலோ' என்றுகொண்டே இருப்பார்கள். 'தவறான உள்ளீடு' என்று சொல்லி அவர்களைத் துண்டிப்பதைவிட ஒரு கடைக்காரர் செய்யக்கூடிய பெரிய அவமரியாதை இல்லை.

விற்பனையை இரண்டாவதாகவும் ரிப்பேரை முதலாவதாகவும் வைத்தது குறித்து வீட்டிலேயே வாக்குவாதம் நடந்தது. புது மோட்டார் கேட்பவர்தானே பணம் கொண்டு வருபவர் என்பது மருமகனின் வாதம். பயிர் வாடிக்கொண்டிருக்க மோட்டார் எரிந்து நிற்பவருக்குத்தான் அவசரம், விலை விசாரிப்பவர் இரண்டு நிமிடம் பொறுப்பார் என்பது என் வாதம். என் பக்கம் வென்றது என்பதை இங்கே குறிப்பிடுவதில் எனக்குச் சற்று மகிழ்ச்சியும் உண்டு.

இதையெல்லாம்விட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. இரண்டை அழுத்தியவருக்கு, ஆள் எடுக்கும் வரை பாட்டோ விளம்பரமோ போடாமல், வேறொரு செய்தியைப் பதிந்து வைத்தோம்: போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, எத்தனை அடி ஆழம், தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, போரின் விட்டம் ஆறரை அங்குலமா நாலரையா, பழைய மோட்டாரின் நேம் பிளேட்டில் எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்டேஜ் (பம்பின் அடுக்கு) என்று போட்டிருக்கிறது, இவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் விலையை உடனே சொல்ல முடியும் என்பதே அச்செய்தி. ஆழ்துளை மோட்டாருக்கு வெறுமனே விலை சொல்ல முடியாது. எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும் என்பது தெரியாமல் விலை சொல்பவர் ஏமாற்றுகிறார் அல்லது ஏமாறப் போகிறார். முன்பெல்லாம் மருமகன் இக்கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்க, மறுமுனையில் இருப்பவர் "இருங்க, பையனைக் கேட்டுச் சொல்றேன்" என்று தோட்டத்துக்குக் குரல் கொடுக்க, இணைப்பு அப்படியே நிற்கும். இப்போது காத்திருக்கும் நேரத்திலேயே அந்த வேலை முடிந்துவிடுகிறது.

இதனால் ஒரு பேச்சுக்கு ஒரு நிமிடம்தான் மிச்சமாகிறது என்றாலும், அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பை ஏர்லாங் வழிக் கணக்குதான் சொல்லும். பன்னிரண்டு பேர், நான்கு நிமிடப் பேச்சு, எடுப்பதற்கு ஒரே ஆள் என்ற நிலையில், யாரும் வைத்துவிடாமல் வரிசையில் நிற்பதாகக் கொண்டால், ஒருவர் சராசரியாகச் சுமார் 16 நிமிடம் காத்திருக்க வேண்டிவரும். பேச்சை மூன்று நிமிடமாகக் குறைத்தால் காத்திருப்பு நாலரை நிமிடத்துக்கு இறங்கிவிடும். நான்கு நிமிடப் பேச்சையே வைத்துக்கொண்டு இரண்டாவதாக ஓர் ஆளைச் சேர்த்தாலோ காத்திருப்பு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆளே வேண்டாம், எல்லாவற்றையும் குரலே பார்த்துக்கொள்ளும் என்று விற்க வருபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. ஒரே ஆளை வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இனிமையான குரலை நிறுத்தினால், முன்பு 'உபயோகத்தில் உள்ளது' என்று கேட்டு உடனே விலகிப் போனவரைப் பதினாறு நிமிடம் கட்டிப்போட்டு அனுப்புகிறோம், அவ்வளவே. பதிவுக் குரல் ஆளுக்கு மாற்றாக இருக்க முடியாது. வருபவரைப் பிரித்து அனுப்பவும், பேச்சுக்கு ஆயத்தப்படுத்தவும், கடை பூட்டியிருக்கும் நேரத்தில் பெயரையும் ஊரையும் வாங்கி வைக்கவும் அது மிக நல்ல உதவியாள். இரவு எட்டு மணிக்குமேல் வரும் அழைப்புகளை அப்படித்தான் வாங்கி வைக்கிறோம். காலையில் வந்த வரிசைப்படி கூப்பிடுகிறோம்.

பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் இதே கருவி தலைகீழாகப் பயன்படுவதை நானே பட்டிருக்கிறேன். வீட்டுக்கு வாங்கிய ஒரு சாதனம் பழுதானபோது, புதிதாக வாங்குவதற்கான எண்ணை அழுத்தினால் இரண்டாவது மணியில் ஓர் இளைஞர் எடுத்தார். புகாருக்கான எண்ணை அழுத்தினால் பாட்டு மட்டுமே வந்தது. மூன்றாம் நாள், வாங்குபவன்போல் நடித்துத்தான் என் புகாரைப் பதிவு செய்தேன். தொலைபேசி நிறுவனங்களைப் பொறுத்தவரை, பதிவுக் குரல் மெனுவின் குறிப்பிட்ட படிக்குள் ஆளுடன் பேசும் வாய்ப்பு இருந்தாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு குறைதீர்ப்பு விதிமுறைகள் சொல்கின்றன. பொருளை விற்கும் எல்லா நிறுவனங்களுக்கும் அப்படியொரு விதி ஏன் கூடாது என்பதைத் தங்கள் தலையங்கம் கேட்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

குரல் நன்றாக வேலை செய்த இடங்களும் நம் கண்முன்னே உண்டு. சமையல் எரிவாயு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஏஜென்சிக்கு நடையாய் நடந்த தாய்மார்கள், பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்து ஒன்றை அழுத்தினால் போதும் என்றானது. 2021 ஜனவரியில் இண்டேன் நிறுவனம் வெறும் மிஸ்டு காலிலேயே பதிவு செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. கேட்பது ஒரே பொருள், கேட்பவர் யார் என்பது எண்ணைப் பார்த்தே தெரியும், பேரம் கிடையாது. இத்தகைய வேலைக்கு ஆள் தேவையே இல்லை. மாறாக, 2020 மார்ச்சில் யாரை அழைத்தாலும் முதலில் இருமல் சத்தத்தோடு தொடங்கிய கொரோனா அறிவிப்பு எவ்வளவு நல்ல நோக்கம் கொண்டதாக இருந்தபோதிலும், ஆம்புலன்ஸுக்காக யாரையோ அவசரமாக அழைப்பவரையும் அது காக்க வைத்தது. செய்தி பயனுள்ளதாக இருந்தால் போதாது. அது எந்த நேரத்தில் குறுக்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் வகைக் குரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அந்த ஆசை எங்கள் கடைக்கும் வந்தது. ஆறு மாதத்தில் எங்களை அழைத்தவர்களின் எண்கள் மூவாயிரத்தை நெருங்கியபோது, சேவை நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வந்து, ஆடித் தள்ளுபடியை இத்தனை பேருக்கும் பதிவுக் குரலில் ஒரே காலையில் சொல்லிவிடலாம் என்றார். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்தே செய்து தருவதாகவும் சொன்னார். விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண்கள் தனியாக இருக்கின்றன. அவ்வழைப்பை அனுப்புபவர் தம் பெயரை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். 1909 என்ற தொலைபேசி எண்ணில் பதிந்து விளம்பர அழைப்பே வேண்டாம் என்று சொன்னவரை அழைக்கக் கூடாது. இவையெல்லாம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே உண்டு. பதிவு செய்யாதவர்கள் செய்யும் விளம்பர அழைப்புகளை, பதிவுக் குரல்கள் உட்பட, நிறுத்தி, அவர்களின் இணைப்புகளைத் துண்டித்து, இரண்டு ஆண்டுகள் வரை கறுப்புப் பட்டியலில் வைக்க வேண்டும் என்று ஆணையம் 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது. 2025 பிப்ரவரியில் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன: பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை உண்டு, புகார் செய்ய வாடிக்கையாளருக்கு மூன்று நாளுக்குப் பதிலாக ஏழு நாள் அவகாசம். தொல்லை அழைப்பு பற்றி எழுதும் வாசகர்கள் 1909 என்ற அந்த எண்ணில் புகாரும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதைவிட அது விரைவாக வேலை செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன், தங்கள் பக்கத்தைக் குறைத்து மதிப்பிட்டு அன்று.

பிரதிநிதி சொன்னதை மருமகன் ஏற்கவில்லை. அதற்குச் சட்டம் ஒரு காரணம் என்றாலும், அதுமட்டும் காரணமன்று. போன கோடையில் ஒருமுறை மோட்டார் விலை விசாரித்த மனிதர், ஒரு கேள்விக்குப் பதில் வேண்டி எண்ணைக் கொடுத்தாரே தவிர, ஆண்டு முழுக்க எங்கள் குரலைக் கேட்க ஒப்புக்கொண்டு கொடுக்கவில்லை. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தகவலை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவதை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதே கண்ணோடுதான் பார்க்கிறது. தவறிய அழைப்புக்குத் திருப்பிக் கூப்பிடுவது மட்டும் எங்கள் கடமை. அதையும் குரலை விட்டுச் செய்யாமல் ஆளே செய்கிறார்.

அண்மையில் வேறொரு நிறுவனத்தார், கேள்விக்கெல்லாம் தானே பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் குரல் என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். தமிழ் நன்றாகவே பேசியது. ஆனால் நாங்கள் சோதித்தபோது, தண்ணீர் மட்டத்தைக் கேட்காமலேயே ஒரு மோட்டாரைப் பரிந்துரைத்து, மறுநாளே இறக்கித் தருவதாகவும் வாக்களித்தது. கடையின் பெயரில் வாக்குக் கொடுக்கும் உரிமையை ஒரு கருவியிடம் ஒப்படைக்க மருமகனுக்கு மனம் வரவில்லை. அப்படி வைப்பவர்கள், பேசுவது இயந்திரம் என்பதையாவது முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கடை நடத்தும் வாசகர்களுக்கு ஒரே ஒரு யோசனை. மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் கைபேசியிலிருந்து உங்கள் கடை எண்ணை நீங்களே அழைத்து, கடைசி வரை கேளுங்கள். இவ்வளவு பேசும் நானும் அதைச் செய்யாமல் இருந்துவிட்டேன். தை மாதக் கடைசியில் ஏதோ தோன்றி அழைத்துப் பார்த்தபோது, பொங்கல் விடுமுறைக்காகக் கடைக்கு மூன்று நாள் லீவு என்று என் பேத்தி மிகத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
கோயம்புத்தூர்.